போஸ்ட்மேனின் கேள்வி வகுப்பறைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. ஆனால், அமெரிக்க ஊடக ஆய்வாளர் நீல் போஸ்ட்மேனின் பெயர் ஆசிரியர் பயிற்சியில் அடிபடுவதே அபூர்வம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1971இல் ஊடகம் நம் சிந்தனையை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் ஊடகச் சூழலியல் படிப்பைத் தொடங்கியவர் அவர், 2003இல் மறைந்தார். தொலைக்காட்சியில் ஒரு செய்தி சராசரியாக 45 நொடிதான் ஓடுகிறது, அதற்குள் எதையும் யோசிக்க முடியாது என்று 1985லேயே எழுதினார். இன்றைய ரீல்ஸுக்கு அது இன்னும் பொருந்தும்.

அவர் பெயரை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஓர் ஊடகம் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று அவர் வழியில் கேள்வி கேட்க ஒரு பாடவேளை போதும். குடியாத்தம் அருகே உள்ள மோர்தானா அணை நிரம்பி வழியும் செய்தியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அரை நிமிட வீடியோ. பார்த்து முடித்ததும் நினைவில் நின்றதை ஐந்து வரி எழுதச் சொல்ல வேண்டும். பிறகு அதே செய்தியை நாளிதழில் படித்துவிட்டு இன்னொரு ஐந்து வரி. முதல் தாளில் தண்ணீரின் இரைச்சலும் செல்ஃபி எடுத்தவர்களும் இருப்பார்கள். எத்தனை கன அடி, கௌண்டன்யா ஆற்றங்கரையில் யாருக்கு எச்சரிக்கை என்பதெல்லாம் இரண்டாம் தாளில்தான் வரும். வரிசையை மாற்றினால் பயிற்சி கெடும். படித்ததையே வீடியோவில் பார்த்ததாகப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள்.

ஆசிரியர்கள் பெரும்பாலும் சறுக்குவது முடிவில். "செல்போன் கெட்டது" என்று அவர்களே சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று பிள்ளைகளே பேசட்டும்.

பயிற்சி முகாம்களில் ஸ்மார்ட் போர்டை இயக்கச் சொல்லித் தருவதோடு, இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

- ஆசிரியர்கள் சிலர், குடியாத்தம்