கடிகாரத்தை இன்னும் திருப்பித் தராதவன் எழுதுவது

அன்புள்ள குழுவினருக்கும் நாடகம் பார்க்க வந்தவர்களுக்கும்,

வணக்கம். கடைசிக் காட்சி முடிந்ததும் மேடையிலேயே நன்றி சொல்லியிருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசியவனுக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மடல்.

துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் வேடம் என்றதும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். 1887இல் அச்சேறிய ஆள். நான்கு நாவல்கள், 56 சிறுகதைகள். ஜெரமி பிரெட் மட்டும் தொலைக்காட்சியில் பத்து வருடம் ஹோம்ஸாகவே வாழ்ந்திருக்கிறார். பார்க்க வருகிற ஒவ்வொருவர் மனதிலும் ஏற்கெனவே ஒரு ஹோம்ஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார வேண்டும்.

உடை தைத்த அக்காவிடம் முதல் நாளே காது மூடும் தொப்பியைக் கேட்டேன். "வீட்டுக்குள்ள உட்கார்ந்து பேசுற ஆளுக்குப் பயணத் தொப்பி எதுக்கு?" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. கதைகளில் அந்த மாதிரித் தொப்பி வெளியூர்ப் பயணத்தில்தான் தலைகாட்டுகிறது. அதை நம் கண்ணில் ஒட்டிவைத்தது கதைகளுக்குப் படம் போட்ட ஓவியர் சிட்னி பேஜெட். அளவு எடுக்கும்போதே, "வலது தோள்லதானே பை மாட்டுவீங்க, தம்பி?" என்றார். நான் அன்று பையே கொண்டுபோகவில்லை. இறங்கியிருந்த தோளுக்குக் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஹோம்ஸ் யார் என்று எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

மொழிபெயர்த்தவருக்குத் தனி நன்றி. 'எலிமென்டரி, மை டியர் வாட்சன்' என்ற வசனம் கானன் டாயில் எழுதிய கதைகளில் அப்படியே எங்கும் இல்லை என்று சொல்லி, கடைசிவரை அதைச் சேர்க்க மறுத்தார். அது இல்லையே என்று என்னிடம் சண்டைக்கு வந்த ரசிகரே, உங்களுக்கும் நன்றி. அடுத்த முறை அவரிடமே அனுப்பிவைக்கிறேன்.

அப்புறம், கடிகாரக் காட்சி. இரண்டாவது நாவலில் வருவது. ஹோம்ஸின் நண்பர் வாட்சன் ஒரு பழைய கடிகாரத்தைக் கொடுத்து, இதன் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்கிறார். சாவித் துளையைச் சுற்றிக் கை நடுங்கி விழுந்த கீறல்கள், அதனால் குடிகாரர். மூடிக்குள் அடகுக்காரர்கள் கீறிய நான்கு எண்கள், அதனால் அடிக்கடி பணமுடை. ஹோம்ஸ் அடுக்கிக்கொண்டே போகிறார். கைதட்டல் நிச்சயம் என்று ஒத்திகையில் நானும் படபடவென்று பொரிந்து தள்ளினேன். வாட்சனாக நடித்த தம்பி பாதியில் நிறுத்தினார். "அண்ணே, இந்தக் கடிகாரத்துக்குச் சொந்தக்காரர் செத்துப்போன என் கூடப்பிறந்த அண்ணன். அதை வச்சு நீங்க கைதட்டல் வாங்குறீங்க."

அன்று இரவு தூக்கமே வரவில்லை. கதையிலும் ஹோம்ஸ் வாட்சனிடம் மன்னிப்புக் கேட்கிறார், அதை ஒரு புதிராக மட்டும் பார்த்துவிட்டதாக. பத்துத் தடவை படித்தும் அந்த வரி என் கண்ணில் படவில்லை. மறுநாளிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பதைக் குறைத்து வாட்சன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். வேகம் தானாகக் குறைந்தது.

மூன்றாவது முறை நாடகம் மேடையேறியபோது 'நான்கு எண்கள்' என்றதோடு எனக்கு வசனம் மறந்துபோனது. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவர் வாய் திறப்பதற்குள் தம்பி மெதுவாகச் சொன்னார்: "அடகு எண்கள்தானே, ஹோம்ஸ்? சொல்லுங்கள், தாங்கிக்கொள்கிறேன்." அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. இயக்குநர் அதைப் பிரதியிலேயே சேர்த்துவிட்டார். நான் மறந்ததற்குக் கிடைத்த பாராட்டு தம்பிக்குத்தான் போக வேண்டும்.

வயலின் வாசித்தவருக்கும் (என் விரல்கள் சும்மா ஆடியது பலருக்குத் தெரிந்திருக்கும்), விளக்குப் போட்டவர்களுக்கும், பைப் அணைந்தால் முகம் சுளிக்காமல் இருக்கக் கற்றுத்தந்த மேக்கப் அண்ணனுக்கும் நன்றி.

மேடைப் பொருள்கள் பார்த்துக்கொண்ட தம்பிக்கு: முதல் நாள் அந்தக் கடிகாரத்தின் மூடியைத் திறந்தபோது உள்ளே ஊசியால் கீறிய நான்கு எண்கள் இருந்தன. முதல் வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. என் ஒருவனுக்காகக் கீறியிருக்கிறீர்கள். பொருள்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கும்போது ஒன்று குறைந்திருக்குமே? என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் கண்டிப்பாகத் தந்துவிடுகிறேன்.