அணு நிறைப் பாடத்தைத் திருத்துங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கூட்டினால் அணு நிறை வந்துவிடும் என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிடாதீர்கள். அந்தக் கூட்டல் தருவது நிறை எண். எப்போதும் முழு எண். அணுவின் நிறை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்ட மாணவர் குளோரினின் அணு நிறையான 35.45-இலிருந்து புரோட்டான் எண்ணிக்கையான 17-ஐக் கழித்து, 18.45 நியூட்ரான் என்று விடை எழுதுகிறார். எந்தக் குளோரின் அணுவுக்கும் 35.45 என்ற நிறை கிடையாது. நிறை எண் 35, 37 கொண்ட ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை வேறுபடும் அணுக்கள்) ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருப்பதால் வரும் சராசரி அது.

பாடத்தில் ஒரு கணக்கையாவது முழுமையாகச் செய்து காட்டுங்கள். கார்பன்-12 போதும். ஆறு ஹைட்ரஜன் அணுக்கள்: 6 × 1.007825 = 6.046950. ஆறு நியூட்ரான்கள்: 6 × 1.008665 = 6.051990. கூட்டினால் 12.098940 அணு நிறை அலகு. கார்பன்-12 அணுவின் நிறையோ சரியாக 12. குறைகிற 0.098940-தான் நிறைக் குறைவு. ஒரு அணு நிறை அலகுக்கு இணையான ஆற்றல் 931.494 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்பதால், அதை 931.494-ஆல் பெருக்கினால் 92.16 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அணுக்கரு சேரும்போது வெளியேறிய ஆற்றல், அதாவது பிணைப்பு ஆற்றல், இதுதான்.

புரோட்டானின் நிறையை எடுக்காமல் ஹைட்ரஜன் அணுவின் நிறையை ஏன் எடுத்தோம் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். கார்பன் அணுவின் நிறையில் ஆறு எலக்ட்ரான்கள் அடக்கம்; ஹைட்ரஜன் அணு ஒவ்வொன்றிலும் ஒரு எலக்ட்ரான் இருப்பதால் அவை ஈடாகிவிடும். ஒரு எலக்ட்ரான் புரோட்டானில் 1836-இல் ஒரு பங்குதான். அதனால் மொத்த நிறையில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நிறைக் குறைவைக் கணக்கிடும்போது 1.007276 என்ற புரோட்டான் நிறையைப் போட்டு எலக்ட்ரான்களை மறந்தால், விடை 89.1-ஆகச் சரிந்துவிடும். புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் 1 என்று முழுமையாக்கினாலோ பிணைப்பு ஆற்றலே பூச்சியமாகிவிடும். மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

மேல்வகுப்பு நூலில் இன்னொரு பத்தி வேண்டும். புரோட்டானில் உள்ள, குவார்க்குகள் எனப்படும் மூன்று அடிப்படைத் துகள்களின் நிறையைக் கூட்டினால் ஏறத்தாழ 9 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்தான் தேறும், புரோட்டானுக்கோ 938. மீதி கிட்டத்தட்ட முழுவதும் குவார்க்குகளின் இயக்கத்திலும் அவற்றைக் கட்டிவைக்கும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றல். அணுக்கருவாகச் சேர்கையில் நிறை சற்றே குறைகிறது. புரோட்டானுக்குள் ஆற்றலே நிறையாக நிற்கிறது. இதைவிட வியப்பான செய்தி இந்தப் பாடத்தில் வேறில்லை. அதை மாணவர்களிடமிருந்து மறைக்காதீர்கள்.

அடுத்த பதிப்பில் துகள்களின் நிறைப் பட்டியலை ஆறு தசம இலக்கங்களோடு பயிற்சிக் கணக்குகள் இருக்கும் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள்