சயாம் ரயிலை அணுகுண்டுக் கணக்கில் எழுதாதீர்கள்: விவாதப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பந்திங் வட்டார இடைநிலைப் பள்ளிகளின் தமிழ் விவாதப் போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

இறுதிச் சுற்றுக்கு ‘போரை முடிக்க நகரங்களின் மீது குண்டு வீசியது நியாயமே’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். அதைத் தூக்கிப் போடச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. தலைப்பைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கள், மாணவர் கையில் முக்கியத் தேதிகளை வரிசையாக எழுதிய ஒரு தேதித்தாள் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். நாங்கள் வரலாறு கற்பிப்பவர்கள். நடுவர் நாற்காலியிலும் உட்காருகிறவர்கள்.

ஆதரவு அணி எங்கே தொடங்கும் என்பது இப்போதே தெரியும். சயாம் மரண ரயிலில், அதாவது போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே கட்டாய உழைப்பால் போட்ட ரயில்பாதையில் தொடங்கும். மலாயாத் தோட்டங்களின் லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) ஆட்களை ஏற்றிப் போனது, காலரா, திரும்பி வராதவர்கள் என்று அடுக்கி, ‘அணுகுண்டு விழாவிட்டால் நம் இனமே அந்தத் தண்டவாளத்தில் அழிந்திருக்கும்’ என்று முடிப்பார் முதல் பேச்சாளர். அரங்கமே கை தட்டும். எதிரணிக்கு வாய் வராது. மறுத்துப் பேசினால் செத்தவர்களை அவமதித்ததுபோல் ஆகிவிடும் அல்லவா?

ஆனால் தேதி ஒத்துவரவில்லை. 415 கிலோமீட்டர் பாதையை இரு முனையிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்து இணைத்தது 1943 அக்டோபரில். ஹிரோசிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6-ல். இடையில் ஏறத்தாழ 22 மாதம். ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் மாண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்தச் சாவில் பெரும்பகுதி 1943-ன் மழைக்காலத்தில், வேலையை விரட்டி விரட்டி வாங்கிய மாதங்களில் நேர்ந்தது. அவர்களை எந்தக் குண்டும் காப்பாற்றவில்லை. பாதை முடிந்த பிறகும் பராமரிப்புக்கென்று நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் உண்டு. ‘போர் முடிந்ததால் ஊர் திரும்பினார்கள்’ என்று அவர்களைப் பற்றிச் சொல்லலாம். அது நேர்மையான வாதம். கூடவே, பாலங்களைத் தாக்க வந்த நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் பக்கத்து முகாம்களிலும் விழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆதரவு அணிக்கு உண்மையிலேயே வலுவான வாதம் ஒன்று நம் வாசலில் கிடக்கிறது. அதை யாரும் எடுப்பதில்லை. மலாயாவை மீட்க பிரிட்டிஷார் திட்டமிட்டிருந்த தரையிறக்கத்துக்கு ‘சிப்பர்’ என்று பெயர். இடம் மோரிப் கடற்கரையும் போர்ட் டிக்சன் பக்கமும். 1945 செப்டம்பர் 9 அன்று படை இறங்கியும் விட்டது. ஜப்பான் அதற்குள் சரணடைந்திருந்ததால் எதிர்ப்பு இல்லை. அப்படியிருந்தும் மோரிப்பில் வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. எதிரே பீரங்கி இருந்திருந்தால்? சண்டை பந்திங் வழியாக, தோட்டம் தோட்டமாக உள்ளே நகர்ந்திருக்கும். நாங்கள் நகரக் குண்டுவீச்சை நியாயப்படுத்துகிறவர்கள் அல்லர். ஆனாலும் இந்த வாதத்துக்குப் பதில் சொல்லாத எதிரணி ஜெயிக்கக் கூடாது.

அடுத்தது எண்கள். ‘ஜப்பானில் படை இறங்கியிருந்தால் பத்து லட்சம் அமெரிக்கர் செத்திருப்பார்கள்’ என்ற வரி மேடைதோறும் வருகிறது. அமெரிக்கப் போர் அமைச்சராக இருந்த ஸ்டிம்சன் 1947-ல் எழுதிய கட்டுரையில் பத்து லட்சத்துக்கும் மேல் என்றுதான் இருக்கிறது. ஆனால் அவர் எழுதிய ‘கேஷுவல்டி’ என்ற சொல்லில் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லோரும் அடக்கம். தமிழில் அதை ‘உயிரிழப்பு’ என்று பெயர்த்ததுமே காயக்காரர்கள் எல்லாம் பிணமாகிவிட்டார்கள். எதிரணியும் இதே தவற்றைச் செய்கிறது. ஹிரோசிமாவில் ஏறத்தாழ 1,40,000, நாகசாகியில் ஏறத்தாழ 74,000 என்பவை 1945 இறுதி வரைக்குமான மதிப்பீடுகள். ‘ஒரே நொடியில்’ என்று சேர்த்துச் சொன்னால் அது பொய்.

தலைப்பில் ‘நகரங்கள்’ என்று இருக்கிறது. பிள்ளைகள் அணுகுண்டை மட்டும் பேசுகிறார்கள். 1945 மார்ச் 9 இரவு தோக்கியோவில் நடந்ததைப் பேசாமல் இந்தத் தலைப்பு நிறைவடையாது. அமெரிக்காவின் சுமார் 280 பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறந்து, 1,600 டன்னுக்கு மேல் தீக்குண்டுகளைக் கொட்டின. எம்-69 என்ற குண்டு, கெட்டியாக்கிய பெட்ரோல் அடைத்த ஓர் இரும்புக் குழாய்; எடை மூன்று கிலோகூட இல்லை. ஒரு கட்டுக்கு 38 குழாய். கட்டு வானத்திலேயே அவிழும். குழாய் கூரையைத் துளைத்து உள்ளே விழுந்து, சில விநாடி பொறுத்து, எரியும் கூழைப் பீய்ச்சும். விடிவதற்குள் 41 சதுர கிலோமீட்டர் சாம்பல். சுமார் ஒரு லட்சம் பேர் மரணம். இந்தக் குண்டைச் சோதிக்க 1943-லேயே அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை, உள்ளே விரிக்கும் பாய் உட்பட, அப்படியே கட்டி எரித்துப் பார்த்தார்கள். ‘தொழிற்சாலையைக் குறிவைத்தோம், வீடுகளும் சேர்ந்து எரிந்துவிட்டன’ என்று பேச வருகிறவர் முதலில் இந்தப் பாய்க்குப் பதில் சொல்லட்டும்.

குண்டுதான் போரை முடித்ததா என்பது தனிக் கேள்வி. ஆகஸ்ட் 6-ல் ஹிரோசிமா, 8-ல் சோவியத் போர்ப் பிரகடனம், 9-ல் ஜப்பான் பிடியிலிருந்த மஞ்சூரியா மீது சோவியத் படையெடுப்பும் நாகசாகியும். நான்கு நாளுக்குள் விழுந்த அடிகளைப் பிரித்து, எது வீழ்த்தியது என்று சொல்வது எளிதல்ல. மக்களுக்கு ஆகஸ்ட் 15-ல் ஒலிபரப்பான பேரரசர் உரையில் ‘கொடிய புதிய குண்டு’ வருகிறது. 17-ல் படையினருக்குக் கொடுத்த ஆணையில் குண்டு இல்லை, சோவியத் நுழைவுதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுகிற பேச்சாளரிடம் மற்றதைக் கேட்க நடுவருக்கு உரிமை கொடுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். குடிமக்கள் மீதான தாக்குதலை வெளிப்படையாகத் தடுக்கும் 1977 ஜெனிவா கூடுதல் நெறிமுறையை 1945-க்குப் பொருத்தக் கூடாது. அன்று இருந்தது 1907 ஹேக் விதிகள். அவை தற்காப்பில்லாத ஊர்களைத் தாக்குவதைத் தடுத்தன. ஹிரோசிமா ‘தற்காப்பில்லாத ஊரா’ என்று வாதிடட்டும். தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1963-ல் அணுகுண்டு வீச்சு சட்டமீறல் என்றது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு இழப்பீடு கிடையாது என்றும் சொன்னது. மலேசியா 2020-ல் அணு ஆயுதத் தடை உடன்படிக்கையை ஏற்றது.

அந்த நகரங்களில் இருந்தவர்கள் எல்லாம் ‘எதிரிகள்’ என்று பேசுவோருக்காக ஒன்று. ஜப்பானியர் படிக்க அனுப்பிய மலாயா மாணவர் மூவர் அன்று ஹிரோசிமாவில் இருந்தனர். நிக் யூசோப் அங்கேயே இறந்தார். அப்துல் ரசாக் பிழைத்து ஊர் திரும்பினார். சையது ஒமார் ரயிலேறிப் போகும் வழியில் கதிர்வீச்சு நோய் முற்றி, கியோத்தோவில் உயிர்விட்டார். அணுகுண்டுப் பட்டியலில் இருந்து, ஸ்டிம்சன் பிடிவாதமாக நீக்கச் சொன்னதால் தப்பிய நகரம் கியோத்தோ.

இனி எங்கள் கோரிக்கை. தலைப்பை இப்படி மாற்றலாம்: ‘1945-ல் ஜப்பானிய நகரங்களின் மீது குண்டு வீச எடுத்த முடிவு, முடிவெடுத்தவர்களுக்கு அன்று தெரிந்தவற்றைக் கொண்டு பார்த்தால், நியாயமானதே.’ ‘அன்று தெரிந்தவை’ என்ற சொற்கள் இல்லாவிட்டால், விளைவு நல்லதா கெட்டதா என்ற பேச்சிலேயே ஐந்து நிமிடமும் கரைந்துவிடும். முடிவெடுத்தவனின் பொறுப்பு விசாரணைக்கே வராது. எண் சொல்லும் பேச்சாளர் அது செத்தவர் கணக்கா, காயமும் சேர்ந்ததா, எந்தத் தேதி வரைக்குமானது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் புள்ளி இல்லை. சயாம் ரயிலைப் பேசத் தடை வேண்டாம், தேதியோடு பேசட்டும்.

தேதித்தாள் ஏ4-ல் ஒரு பக்கம் போதும். நாங்களே தட்டச்சு செய்து தருகிறோம். இறுதிச் சுற்றுக்கு மூன்று வாரம் முன்பு, இரண்டு அணிக்கும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். ஹிரோசிமாவா, ஹிரோஷிமாவா என்று மட்டும் குழு முடிவு செய்து சொல்லட்டும். எது என்றாலும் சரி, அதற்காக யாரும் புள்ளி வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
பந்திங் வட்டார வரலாற்று ஆசிரியர்கள், விவாத நடுவர்கள் சிலர்