டேஷ்போர்டைக் கழற்றும் முன் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் காடிக்கு 27 வயது. போன மாதம் சந்தையிலிருந்து திரும்பும்போது, "என்னங்க, செருப்பெல்லாம் நனைஞ்சிருச்சு" என்றார் வீட்டுக்காரி. கார்பெட்டைத் தூக்கினால் குளம். இரண்டு நாளாக மழையே இல்லை.

பட்டறையில் எட்டிப் பார்த்த மாத்திரத்தில், "ஏர்கோன் கூலிங் காயில் போச்சு அங்கிள், டேஷ்போர்டைக் கழற்றணும், 900 வெள்ளி" என்றான் பையன். செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசு. திரும்பிவிட்டேன்.

வீட்டில் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தேன். நிறமில்லை, பிசுபிசுப்பில்லை, வாடையில்லை. கூலண்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர்) என்றால் சாயம் ஒட்டும், இனிப்பு வாடை அடிக்கும். (நாக்கில் வைத்துவிடாதீர்கள், விஷம்!) பிரேக் எண்ணெய் என்றால் ஓட்டுநர் பக்கம், பெடலை ஒட்டிக் கசியும். எங்களுக்கு நனைந்ததோ இடதுபக்கம். ஏர்கோன் பெட்டி இருப்பதும் அங்கேதான். ஏர்கோனைப் போட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன். காடிக்கு அடியில் ஒரு சொட்டு விழவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நடக்கிற காரியமா? காயிலில் வடியும் தண்ணீரை வெளியேற்றும் ரப்பர் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கிறது.

மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அந்த ரப்பர் குழாய்க்குள் விட்டு மெதுவாக ஆட்டினேன். முதலில் கறுப்புச் சேறு, பிறகு தண்ணீர், அத்தனையும் என் சட்டைமேல்.

பட்டறைக்காரர்கள் எல்லாரையும் குறை சொல்லவில்லை. அந்தப் பையன் குனிந்துகூடப் பார்க்காமல் விலை சொன்னதுதான் வருத்தம். கார்பெட் இன்னும் வேலியில் காய்கிறது, நாற்றம் போகவில்லை.

தோட்டத்து வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்