ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேட்க வேண்டியது

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். துறைப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கும் செய்தி அறிந்து மிக மகிழ்ந்தேன். பயிற்சி மருத்துவர்களிடம் நம் கற்பித்தலைப் பற்றிக் கைப்பேசி வழியாகக் கருத்துக் கேட்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கேட்கலாம், ஆனால் செயலியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேள்விகளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு துறையில் சில காலம் பணிசெய்து பயிலும் போஸ்டிங்கின் கடைசி நாளில், ஆசிரியர்களை மதிப்பிடச் சொல்லி நாம் நீட்டிய காகிதப் படிவங்கள் நினைவிருக்கிறதா? எந்த நோயாளியின் அருகில் யார் எதைச் சொல்லிக்கொடுத்தார் என்பதே அதற்குள் மறந்துபோயிருக்க, எல்லா ஆசிரியர்களுக்கும் எல்லாவற்றிலும் ஐந்துக்கு நான்கோ ஐந்தோ விழுந்துவிடும். இப்போது எங்கள் வார்டில், நோயாளிகளைப் படுக்கை படுக்கையாகப் பார்த்துக் கற்பிக்கும் ரவுண்ட்ஸ் முடிந்ததும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, இன்று எது உதவியது, எது விளங்கவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் மாணவர்கள் விடை எழுதுகிறார்கள். விரிவான படிவம் போஸ்டிங் முடிவில்தான். அதற்கு, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் உருவாக்கப்பட்டு 2010இல் வெளியான 14 கேள்விகள் கொண்ட படிவத்தை முன்மாதிரியாகக் கொள்ளலாம். ஆசிரியர் நல்லவரா என்று கேளாமல், செய்துகாட்டினாரா, செய்யவிட்டுத் திருத்தினாரா, காரணத்தை விளக்கும்படி கேட்டாரா, அச்சமின்றிப் பேச இடமளித்தாரா என்று அது கேட்பதே எனக்குப் பிடித்தது.

உண்மையான சிக்கல் பெயர் மறைப்பில் இருக்கிறது. மூன்று பேர் மட்டுமே உள்ள குழுவில் ஒருவர் மாலையில் எழுதியதை ஆசிரியர் இரவே படித்தால், பெயர் இல்லாவிட்டாலும் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். நாளை அந்த மாணவருக்கு மதிப்பெண் போடப்போகிறவரும் அவரே. ஆகவே, பல குழுக்களின் விடைகள் சேரும்வரை எதையும் ஆசிரியருக்குக் காட்டாதபடி அமைத்திருக்கிறோம். உடனுக்குடன் அறியும் வசதி இதனால் குறைகிறதுதான். ஆயினும் அஞ்சி எழுதிய புகழுரையை உடனே படித்து என்ன பயன்?

நோயாளியின் பெயரோ அடையாளமோ எழுதக் கூடாது என்ற வரியைப் படிவத்தின் தலைப்பிலேயே சேர்த்துவிடுங்கள். எழுதியதால் என்ன மாறியது என்பதையும் அடுத்த குழுவிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சில வாரங்களில் ஸ்கேன் செய்வதையே நிறுத்திவிடுவார்கள்.

இந்த மதிப்பீட்டை ஆசிரியர்களின் பதவி உயர்வோடு இணைக்க உங்கள் நிர்வாகம் விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். முதல் ஆண்டிலேயே அதற்கு இணங்காதீர்கள் என்பது என் கருத்து. கேள்விகளின் வரைவை அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்