கால்விரல் அசையும் முன்னே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வேளாண்மை வெட்டி, மூட்டையெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வாசித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியிலேயே, அந்த மூட்டையைத் தூக்கப் போய்த்தான் கவட்டில் வீக்கம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். டொக்டர் குடலிறக்கம் என்று சொல்லித் திகதியும் தந்துவிட்டார் என்றால் பின்போடாதே. ஆடியில் உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் நடக்க வேண்டும் என்கிறாய். அதற்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. இப்போது செய்வதுதான் நல்லது.

இங்கே எல்லோரும் சுகம். மகள் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. மற்றக் கண் அடுத்த மாதம்.

முதுகில் ஊசி போட்டால் இடுப்புப் போய்விடாதா என்று கேட்டிருந்தாய். போகாது மச்சான். முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு, இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்குக் கீழே. அங்கே நரம்புகள் நீரில் மிதக்கும் நூல் மாதிரிக் கிடக்கும். பியூபிவக்கேன் என்ற மருந்தில் இரண்டு, மூன்று மில்லிலீற்றர் போதும். முதலில் கால் சூடாகும், பிறகு கனக்கும், அதன்பின் உன் கால் உன்னுடையது இல்லை என்பது போல இருக்கும். ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம். வருடக்கணக்கான இடுப்பு நோவுக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்ல ஆதாரமில்லை.

இந்த முறையை 1898இல் ஜேர்மனியில் ஓகஸ்ட் பியர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடங்கினார். அப்போது மருந்து கொக்கேயின். உதவியாளரின் முதுகில் போட்டுவிட்டு, அவருடைய முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார். அந்த மனிதனுக்கு நோகவே இல்லை. ஆனால் மருந்தின் விறைப்பு விட்ட பிறகு அடிபட்ட இடமெல்லாம் நொந்தது. பியரும் முதலில் தன் முதுகில் ஊசி குத்திப் பார்த்தவர்தான், அதனால் இரண்டு பேருக்கும் நாள்கணக்கில் தலையிடியும் இருந்தது. தலையிடி, பெரிய ஊசித் துவாரத்தால் நீர் கசிந்ததால் வந்தது. இப்போது மயிர் போன்ற மெல்லிய ஊசி என்பதால் அது பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் மருந்து விட்டதும் நொந்தது என்ற அந்தச் சங்கதி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. உன் மற்றக் கேள்விக்குப் பதிலும் அதற்குள்தான்.

நோகாத உடம்புக்கு முன்கூட்டியே நோ மருந்து எதற்கு என்று கேட்டாய். அந்த ஊசி இரண்டு மணித்தியாலம், மிஞ்சினால் நான்கு மணித்தியாலம் நிற்கும். உன் ஒப்பரேஷன் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வெட்டு ஆற நாள்கள் எடுக்கும். விறைத்திருக்கும்போது உனக்குத் தெரியாதே தவிர, வெட்டிய சதை சும்மா இருப்பதில்லை. வீங்கி, நோவை உண்டாக்கும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். விறைப்பு விட்டதும் சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாக வந்து நிற்கும். குளிசையோ வயிற்றுக்குள் போய் முழுதாக வேலை செய்ய ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். நோ தொடங்கிய பிறகு விழுங்கினால் அந்த ஒரு மணித்தியாலத்தை நோயாளிதான் தாங்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 1983இல் கிளிபர்ட் வூல்ப் என்பவர் எலிகளில் செய்த ஆய்வில், ஒரு காயத்தின் நோ முண்ணாணை உசுப்பிவிட்டால், அதற்குப் பிறகு சின்னத் தொடுகையும் பெரிதாக உறைக்கும் என்று காட்டினார். அதை வைத்துத்தான் வெட்டுவதற்கு முன்னமே மருந்து கொடுக்கும் எண்ணம் பலமானது. முன்னே கொடுப்பதா பின்னே கொடுப்பதா என்பதில் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. ஊசி விடுவதற்கும் குளிசை பிடிப்பதற்கும் நடுவில் இடைவெளி விழக்கூடாது, எனக்கு வேண்டியது அதுதான்.

அந்த இடைவெளியை நான் கண்ணால் பார்த்தவன். அப்பாவுக்கு விரைவீக்கம் ஒப்பரேஷன் செய்தபோது நான் தாதியாகி இரண்டு வருடம்கூட இல்லை. எந்த வைத்தியசாலை என்பதை விடு. பத்து மணிக்கு முதுகில் ஊசி. மதியம் நான் போனபோது அப்பா சிரித்துக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு மணிபோல அவருடைய வலது காலின் பெருவிரல் அசைந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன், படித்தவன் நான். மூன்று மணிக்கு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கட்டிலின் இரும்புக் கம்பியை இடக்கையால் பிடித்திருந்தார். விரல் மொளியெல்லாம் வெளுத்திருந்தது. மருந்து எழுதிவைக்கும் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பனடோல், அதாவது பரசிற்றமோல், ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருந்தது. அப்பா கேட்கவில்லை, அதனால் யாரும் கொடுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “அந்த மிஸ் ஒரு ஆளாக நிண்டு ஓடுறா, பாவம்” என்றார்.

‘தேவைப்பட்டால்’ என்ற அந்தச் சொல்லை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது. எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வருகிற பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு “பரவாயில்லை தம்பி” என்பார்கள். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு நோ என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன்: “நூறு ரூபாய் நோ என்றால் உங்களுக்கு எத்தனை ரூபாய்?” உடனே எழுபத்தைந்து என்று பதில் வரும். அப்புறம் ஒருமுறை இருமச் சொல்வேன். இருமும்போது கை தானாகத் தையலைப் பொத்தினால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீயும் அப்படிப்பட்ட ஆள்தான். வயலில் மண்வெட்டி காலில் பட்டபோது சாரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மாலை வரை வேலை செய்தவன் நீ. “நான் தாங்குவேன்” என்று கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். தாங்குவாய் மச்சான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோவுக்குப் பயந்து மூச்சை ஆழமாக இழுக்காமல், இருமாமல், எழும்பி நடக்காமல் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையலாம். உன் வயதில் அது விளையாட்டில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். சாப்பாட்டை ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலம் வரைக்கும். ஆனால் அன்று காலையில் வாட்டில் பனடோல் இரண்டு, அதாவது ஒரு கிராம், தந்தால் “வெறும் வயிறு” என்று மறுக்காதே. ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கலாம். டைக்ளோபினாக் என்ற நோ மருந்தும் சேர்த்துத் தரலாம், அது ஆசனவாயில் வைக்கிற மருந்தாகவும் வரும், வெட்கப்படாதே. ஆனால் உனக்கு முன்பு வயிற்றுப்புண் இருந்ததே! அதைக் கட்டாயம் முதலே சொல்ல வேண்டும். சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அது ஆகாமல் போகலாம். நெஞ்சு டொக்டர் தந்த குளோபிடோகிரெல் இன்னும் குடிக்கிறாயா? இரத்தம் உறையாமல் வைக்கும் குளிசை அது. முதுகில் ஊசி போடுவதற்கு முன் எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மயக்க மருந்து டொக்டரும் நெஞ்சு டொக்டரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நீயாக நிறுத்தாதே.

முடிந்தால் வெட்டிய இடத்திலேயே விறைப்பு மருந்து போடச் சொல்லிச் சத்திரசிகிச்சை டொக்டரிடம் கேள். பலர் கேட்காமலே போடுவார்கள். பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பனடோல், நொந்தாலும் நோகாவிட்டாலும், முதல் இரண்டு நாளும். ஒரு நாளுக்கு நான்கு கிராமுக்கு மேல் போகக்கூடாது. தடிமன், சளிக்குக் குடிக்கிற குளிசையிலும் அதே மருந்து இருக்கும், அதைச் சேர்த்துக் குடிக்காதே. அதையும் மீறி நொந்தால் வாயைத் திறந்து சொல். அன்று சிறுநீர் போகாமல் அடிவயிறு முட்டினாலும் சொல்.

உன் மனுசியிடம் ஒன்று மட்டும் சொல்லி வை. கால்விரல் அசையும் முன்னே, மத்தியானம் கடந்ததும், அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று அவள் போய்க் கேட்கட்டும்.

வெள்ளி எனக்கு நைட் டியூட்டி. சனி காலை குருமண்வெளியில் பாதைப் படகு ஏறி மண்டூருக்கு வருகிறேன். குடிக்கிற குளிசை எல்லாவற்றையும், வைத்தியர் தந்த கசாயச் சரக்கையும்கூட, மேசையில் எடுத்து வை. பார்த்து ஒரு துண்டில் எழுதித் தருகிறேன், நீ அதை ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகிற அன்று கையில் வைத்திரு. தயிர் ஒரு சட்டி எனக்காக ஒதுக்கச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்