ரேக்கில் பாதி மறையும் பலகாரப் பாக்கெட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் தயாராகும் சீப்புச்சீடையும் தேன்குழலும் இன்று வெளியூர் சூப்பர் மார்க்கெட் வரை போகின்றன. ருசியில் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ரேக்கில் வைத்த பாக்கெட் கண்ணில் பட்டால்தானே கை அதை எடுக்கும்? லேபிள் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சில விவரங்களை எழுதுகிறேன்.

முதல் தவறு, டிசைனைக் கம்ப்யூட்டரில் பார்த்தே ‘ஓகே’ சொல்லிவிடுவது. திரையில் பாக்கெட் தனியாக, தட்டையாக, முழுசாகத் தெரியும். கடையிலோ தட்டின் விளிம்பும் விலைப் பட்டையும் அடியில் 3, 4 செ.மீ.யை மறைத்துவிடும். அடி விரிந்து தானே நிற்கும் பை, அதாவது பவுச்சில், பண்டம் அடியில் இறங்கியதும் தலைப்பக்கம் தொய்ந்து மடங்கும். வயிறு புடைத்ததும் இரண்டு ஓரமும் பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். 16 செ.மீ. அகலப் பவுச்சில், எதிரே நிற்பவருக்கு நேராகத் தெரிவது நடுவில் 11, 12 செ.மீ.தான். பலகாரத்தின் பெயர் அதற்குள், பவுச்சின் மேல்பாதியில், மடிப்புக்குக் கீழே வர வேண்டும். பலரும் கம்பெனிப் பெயரை மடங்கும் இடத்திலும், பலகாரப் பெயரைத் தட்டு மறைக்கும் இடத்திலும் போட்டுவிட்டு, நடுவில் செட்டிநாட்டுப் பெரிய வீட்டுத் தூணின் படத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

அந்தத் தூணும், அரக்குச் சிவப்பும், தங்க எழுத்தும் இப்போது எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கின்றன. பத்துப் பேர் ஒரே சட்டை போட்டு நின்றால் யாரைக் கூப்பிடுவது? தங்க ஃபாயில் எழுத்து, கடை டியூப் லைட் வெளிச்சம் பட்டால் வெறும் பளபளப்பாகி, பெயரைப் படிக்க விடாது. ‘செட்டிநாடு’ என்ற சொல்லும் தேய்ந்துவிட்டது; இந்தப் பக்கமே வராதவர்கள் அரைத்த மசாலாவிலும் அது இருக்கிறது. அதைச் சின்னதாக்கி, ‘சீப்புச்சீடை’யைப் பெரிதாக்கி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஊர்ப்பெயரையும் போடலாம். நிறத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் கடுகு மஞ்சளும் கறுப்புக் கட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் சேலை முழுவதையும் சுருக்கிப் போட்டால் தூரத்தில் கசங்கலாகத்தான் தெரியும். ஒரே ஒரு கட்டத்தை எடுத்துப் பெரிதாக்கிப் போட வேண்டும்.

எழுத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். தமிழில் புள்ளியும் சுழியும் நுணுக்கமானவை. அடர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து விட்டால், அச்சில் மை பரவிப் புள்ளி அடைபடும். ‘முறுக்கு’ ‘முறுககு’ ஆகிவிடும். ‘ணை’, ‘ழு’ போன்றவற்றின் வளைவுகள் கட்டியாகிவிடும். பெயரைத் தடித்த எழுத்தில் போடலாம், ஆனால் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்ட எழுத்துருவாகப் பார்த்து எடுக்க வேண்டும். சேர்மானப் பட்டியல் போன்ற பொடி எழுத்துகளை வெளிர் பின்னணியில் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு நிறம் கலந்து அடித்தால், ஒரு நிறம் இம்மி விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஃபைலை அப்படியே சிவகாசிக்கு அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்புவதே பத்திரம்.

சீப்புச்சீடையின் வரிகளே நல்ல விளம்பரம் என்பதால் கண்ணாடிபோல ஒரு ஜன்னல் விடுவது சரியான யோசனைதான். ஆனால் பெரும்பாலும் அதை அடியில் விடுகிறார்கள். லாரியில் குலுங்கி உடைந்த தூளெல்லாம் அடியில்தான் சேரும். வாங்க வந்தவர் முதலில் பார்ப்பது அந்தத் தூளை. நடுவில் விடுங்கள், சிறிதாக விடுங்கள். வெளிச்சம் பட்டால் எண்ணெய்ப் பலகாரம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், மிளகாய்த் தூள் நிறம் வெளிறும். மசாலாத் தூளுக்கு ஜன்னலே வேண்டாம்.

பார்கோடு வேலை செய்யாமல் சரக்கு திரும்பி வருவதும் உண்டு. ஸ்கேனரின் ஒளி சிவப்பு; சிவப்புக் கோடுகள் அதற்குத் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பே நல்லது. பார்கோட்டின் முழு அளவு சுமார் 37க்கு 26 மி.மீ.; எவ்வளவு சுருக்கினாலும் 30க்கு 21க்குக் கீழே போகக் கூடாது. இரு பக்கமும் வெற்றிடம் வேண்டும், முழு அளவில் இடப்பக்க வெற்றிடம் 3.6 மி.மீ. ஊறுகாய் பாட்டிலில் ஏணிப்படி மாதிரி கோடுகள் படுக்கையாக வர வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் ஓரக்கோடுகள் தப்பிவிடும்.

பாக்கெட்டின் முன்முகம் 100 முதல் 500 ச.செ.மீ. வரை இருந்தால் சைவக் குறியின் பச்சை வட்டம் 4 மி.மீ. விட்டத்துக்கும், சதுரம் 8 மி.மீ. பக்கத்துக்கும் குறையக் கூடாது. விலை, பேட்ச் எண், தேதிக்கென்று ஒரு வெள்ளைக் கட்டத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். பிறகு ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் பழைய சரக்கோ என்று சந்தேகம் வரும்.

அச்சிட்ட பவுச்சுக்கு நிறத்துக்கு ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை, செய்ய வேண்டும். செய்தபின் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் காசு. புதிதாகத் தொடங்குபவர்கள் வெற்றுப் பவுச்சில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டி ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். காகித ஸ்டிக்கர் எண்ணெய்க் கை பட்டதும் கறைபடும்.

நம் பகுதியில் சுய உதவிக் குழுக்களுக்குப் பலகாரப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக் கூடத்தில் நாலு தட்டுள்ள இரும்பு ரேக் ஒன்றை, டியூப் லைட்டும் விலைப் பட்டையும் மாட்டி நிறுத்துங்கள். மாதிரி ஸ்டிக்கரைச் சரக்கு நிரப்பிய பவுச்சில் ஒட்டி, கடையில் விற்கும் மற்றப் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்து, எட்டடி தள்ளி நிற்கும் ஒருவரைப் பெயர் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியவில்லை என்றால் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
லேபிள் வடிவமைப்பாளர்,
காரைக்குடி.